துணிந்து முதல் போடலாமா? காரைக்குடிப் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன அறையில் 16 வருடமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பலகாரம் போடுபவர்கள், மசாலா அரைப்பவர்கள், கண்டாங்கிச் சேலை விற்பவர்கள், ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பழைய வீட்டில் வெளியூர்க்காரர்களுக்கு விருந்து சமைத்துப் போடும் இருவர். வருவது ஜிஎஸ்டி சந்தேகத்தோடு. எழுந்து போகும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்பது வேறு கேள்வி. அந்த வாசல்படிக் கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம்க்கா. ரிஸ்க் எடுக்கிற ரத்தம் இல்லை. தொழில் எனக்கு ஒத்து வருமா?"

பிறவி என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. தந்தைவழிச் சமூகமான தான்சானியாவின் மாசாய் மக்களிடமும், தாய்வழிச் சமூகமான நம் மேகாலயாவின் காசி மக்களிடமும் ஒரே விளையாட்டை வைத்தார்கள். மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் வாளியில் பத்து முறை பந்தைப் போட வேண்டும். விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் கூலி வாங்கிக்கொள்ளலாம். அல்லது முகம் தெரியாத இன்னொருவரோடு போட்டி போட்டு, ஜெயித்தால் மூன்று மடங்கு வாங்கலாம், தோற்றால் ஒன்றுமில்லை. மாசாயில் ஆண்களில் 50 சதவீதம் பேர் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் 26 சதவீதம். காசி மக்களிடம் பெண்களில் 54 சதவீதம், ஆண்களில் 39. சொத்து தாய்வழி இறங்குகிற ஊரில் பெண்தான் துணிந்து இறங்குகிறாள். ரத்தம் காரணமென்றால் இப்படித் தலைகீழாகப் போயிருக்காது. வளர்ப்புதான் காரணம் என்பேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். இதைக் கேட்ட பெண் அதற்கு முந்தின மாதம்தான் கொழுந்தனாரின் லாரிக்காகத் தன் 11 பவுனை அடகு வைத்திருந்தார். லாரி ஓடுமா, நகை திரும்புமா என்று ஒரு தாளில்கூட எழுதிப் பார்க்கவில்லை. அதற்கு அவர் ரிஸ்க் என்று பெயர் வைக்கவே இல்லை. என் அறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். நம் பெண்கள் பெரிய பெரிய ரிஸ்க் எடுக்கிறார்கள், ஆனால் எல்லாம் அடுத்தவர் தொழிலுக்காக. தன் தொழிலுக்கு என்று வரும்போதுதான் கை நடுங்குகிறது.

"வளர்ப்பு வளர்ப்புனு சொல்றீங்க. எங்க வீட்ல என்னை நல்லாத்தானே வளர்த்தாங்க?"

நல்லபடியாகத்தான் வளர்த்தார்கள். நான் குறை சொல்வது பாசத்தை அல்ல, பழக்கத்தை. அந்தக் காலத்தில் இங்கே பையன்களைப் பத்து, பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்கார வைப்பார்கள். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை பார்ப்பான், கணக்கில் தப்புப் பண்ணுவான், திட்டு வாங்குவான், மறுநாளும் அதே இடத்தில் உட்காருவான். தப்புப் பண்ணுவது படிப்பின் ஒரு பகுதி. அதே வயதுப் பெண்ணுக்கு என்ன பாராட்டு கிடைத்தது? கோலத்தில் ஒரு புள்ளி பிசகவில்லை, மனகோலப் பலகாரம் ஒன்றுகூட உடையவில்லை, வந்தவர் முன்னால் குரல் உயரவில்லை. பிசகாமல் இருப்பதுதான் பெண்ணுக்குப் பெருமை என்று ஆகிவிட்டது.

இருபது வருடம் கழித்து அது கணக்கு நோட்டில் தெரியும். விலை எழுதும் இடத்தில் தன் கூலியைச் சேர்க்காமல் விடுவது. பாக்கியைக் கேட்கக் கூச்சப்படுவது. எல்லாம் சரியாகத் தெரிந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று மூன்று வருடம் தள்ளிப்போடுவது. இதில் ஒன்று உங்களிடம் இருந்தாலும் மேலே படியுங்கள்.

"செட்டிநாட்டுல பொம்பளைங்க எப்பவும் வீட்டுக்குள்ளதானே இருந்தாங்க? நமக்கு ஏது இந்த வழக்கம்?"

வீட்டுக்குள் இருந்தார்கள், சரி. ஆனால் அந்த வீட்டைப் பாருங்கள். ஆண்கள் ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று கிளம்பினால் திரும்ப மூன்று வருடம் ஆகும். அதுவரை நெல், கூலி, கோயில் வரி, கல்யாணம், கருமாதி எல்லாவற்றையும் ஆச்சிமார்தான் (வீட்டுப் பெண்கள்தான்) பார்த்தார்கள். நகரத்தார் (செட்டியார்) வீடுகளில் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைக்கச் சொல்லி, வருடத்துக்கு உண்டான அரிசி, பருப்பு, செலவுப் பணத்தை அளந்து கொடுத்துவிடுவார்கள். இருபது வயதுப் பெண் அதை வைத்து வருடத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். வருடத் திட்டம் போடுவது அவளுக்கு அப்படித்தான் படிந்தது.

பெண்களின் சீதனப் பணமும் வட்டிக்கடைகளில் போட்டு வைக்கப்பட்டது. அவர்கள் பெயரில் பேரேட்டில் வட்டி வரவு ஏறியது. ஆக முதல் போட்டவர்களில் ஆச்சிமாரும் உண்டு. பணம் எங்கே போகட்டும் என்று முடிவு செய்யும் இடமும் கையெழுத்தும்தான் அவர்களிடம் இல்லை. நம் காலத்திலேயே மீனாட்சி மெய்யப்பன் காரைக்குடியில் ஒரு பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றி, செட்டிநாட்டுச் சாப்பாட்டை நம்பி உலகத்தின் பல மூலைகளில் இருந்து ஆட்களை வரவழைத்தார். வழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

"ரிஸ்க்னா சூதாட்டம் மாதிரிதானே? போனா எல்லாம் போச்சு, வந்தா வந்துச்சு."

இல்லை. எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத பணம்தான் சூதாட்டம். நான் எல்லாரிடமும் ஒரு தாள் எடுக்கச் சொல்வேன். அதில் மூன்று தொகை: மொத்தம் எவ்வளவு உள்ளே போகும், மூடிவிட்டால் எவ்வளவு திரும்பி வரும், இரண்டுக்கும் நடுவில் உள்ள நட்டத்தை அடைக்க எத்தனை மாதம் ஆகும்.

ஓர் உதாரணம். வீட்டில் மிக்ஸியிலும் பக்கத்து மில்லிலும் மசாலா அரைத்து விற்கும் ஒருவர் சொந்தமாகப் பல்வரைசர் மிஷின் போட நினைக்கிறார். மிஷினும் வயரிங்கும் 2,40,000. ஆறு மாத வாடகை 48,000. ஓர் ஆளுக்கு ஆறு மாதச் சம்பளம் 72,000. மிளகாய், மல்லி வாங்கி வைக்க ஒரு லட்சம். மொத்தம் 4,60,000. இந்தத் தொகையைக் கேட்டதும் நெஞ்சு அடைக்கும். இப்போது இரண்டாவது வரி. ஆறு மாதத்தில் ஒரு பாக்கெட்கூடக் கூடுதலாக விற்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மிஷினை விற்றால் பாதி விலை, 1,20,000. சரக்கைத் தள்ளிவிட்டால் 80,000. திரும்பி வருவது 2 லட்சம். அப்படியானால் உண்மையான ஆபத்து 2,60,000. இப்போதைய தொழிலில் செலவு போக மாதம் 15,000 மிஞ்சுகிறது என்றால், அதை அடைக்க 18 மாதம்.

'நாலரை லட்சம் போய்விடுமே' என்ற பயமும், 'ரொம்ப மோசமாகப் போனால் ஒன்றரை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அடைக்க வேண்டும்' என்ற கணக்கும் ஒன்றல்ல. முதலாவதை வைத்துக்கொண்டு யாராலும் முடிவெடுக்க முடியாது. இரண்டாவதைக் கணவரிடம் காட்டலாம், மாமியாரிடம் காட்டலாம், தனியாக உட்கார்ந்து நிதானமாக வேண்டாம் என்றும் சொல்லலாம். வேண்டாம் என்று வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், கணக்குப் பார்த்துச் சொன்ன வேண்டாம் அது. எங்கள் ஊர்ப் பழைய கடைகளில் ஐந்தொகை (வரவு, இருப்பு, கடன் எல்லாம் சேர்த்த முடிவுக் கணக்கு) எடுக்காமல் வருடத்தை முடிக்க மாட்டார்கள். நான் சொல்வது, தொழில் ஆரம்பிக்கும் முன்பே ஒரு ஐந்தொகை.

"நகையை வச்சு ஆரம்பிக்கலாமா?"

முதலில், அது உங்களுடையது. பெற்றோரும் உறவினரும் உங்களுக்குப் போட்ட நகை சட்டப்படி உங்கள் சீதனம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு பெண் வைத்திருக்கும் சொத்தை அவளுக்கே முழு உரிமை என்கிறது. எனவே 'வைக்க விடுவாங்களா' என்று கேட்காமல் 'வைப்பது சரியா' என்று கேளுங்கள்.

என் அபிப்பிராயம்: கழுத்துரு (எங்கள் பக்கத்துக் கல்யாணக் கழுத்து நகை), தாலி, மாமியார் மனதில் தனி இடம் பிடித்த நகை, இவற்றைத் தொடாதீர்கள். அவை போனால் பணத்தோடு மன நிம்மதியும் போகும், அந்த நட்டத்தை எந்தத் தாளிலும் எழுத முடியாது. மற்றதில், மேலே சொன்ன மூன்றாவது வரி எவ்வளவு தாங்குமோ அதுவரை வைக்கலாம். மிஷின், சரக்கு போல எப்போது பணமாகத் திரும்பும் என்று தேதி சொல்லக்கூடிய செலவுக்கு மட்டும். வாடகைக்கும் சம்பளத்துக்கும் மாதாமாதம் நகை வைக்க ஆரம்பித்தால் தொழில் ஓடவில்லை என்று அர்த்தம். அடகை வங்கியில் வையுங்கள். தெரிந்தவரிடம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம். வாயால் சொல்லும்போது சின்னதாகத்தான் தெரியும்.

"குழுக் கடன்தான் வீடு தேடி வருதே. அதுவே போதாதா?"

கையில் இருக்கும் வியாபாரத்துக்குப் போதும். புதிதாக ஒன்றைத் தொடங்கப் போதாது, காரணம் தொகை இல்லை, தவணை. வாங்கின அடுத்த வாரமே கட்ட வேண்டும் என்றால், அடுத்த வாரமே பணம் வரும் வேலையைத்தான் செய்ய முடியும். கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வில் (2013-ல் வெளிவந்தது) சில குழுக்களுக்கு முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் புதுத் தொழில் தொடங்கியது இரண்டு மடங்குக்கும் மேல். மூன்று வருடம் கழித்தும் அவர்களின் லாபம் கூடுதலாக இருந்தது. கடன் கட்டாமல் போனவர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம், அதையும் மறைக்கக் கூடாது. ஆக வங்கியில் கடன் கேட்கும்போது வட்டி விகிதத்தோடு, 'அசல் கட்ட எத்தனை மாதம் தள்ளித் தருவீர்கள்' என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரிய கம்பெனிகள் எல்லாம் அதைக் கேட்டுத்தான் வாங்குகின்றன.

"பேங்க்ல போய் நின்னா 'வீட்டுக்காரர் வரலியாம்மா'ங்கிறாங்க. என்ன பதில் சொல்றது?"

எனக்கே இது நடந்தது. என் அறைக்கு கம்ப்யூட்டரும் மேசையும் வாங்க, பத்து வருடத்துக்கு முன் ஒரு வங்கிக் கிளையில் போய் உட்கார்ந்தேன். என் ஐந்தொகையை நானே போட்டிருந்தேன். மேனேஜர் அதைப் பிரிக்காமலே, 'சாரைக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்' என்றார். எழுந்து வந்துவிட்டேன். இன்று என்றால் எழுந்திருக்க மாட்டேன். 'கடன் என் பெயரில், தொழில் என் பெயரில், வருமான வரிக் கணக்கு என் பெயரில். அவர் கையெழுத்து எந்த விதிப்படி வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், கொண்டு வருகிறேன்' என்று அமைதியாகச் சொல்வேன். இப்போது என்னிடம் வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான். எழுதிக் கொடுங்கள் என்றதும் பேச்சு மாறிவிடும்.

தெரிந்துகொண்டு போக வேண்டியவை: குறுந்தொழிலுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முத்ரா கடனில் சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் வாங்கிச் சரியாகக் கட்டியவர்களுக்கு 20 லட்சம் வரை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குக் கிராமம் என்றால் 35 சதவீதம், நகரம் என்றால் 25 சதவீதம் மானியம். கைப்பணம் 5 சதவீதம் போட்டால் போதும். இதற்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். போகும் முன் உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.

அப்புறம் ஒரு நுணுக்கம். நியூயார்க்கில் முதலீட்டாளர்கள் தொழில்முனைவோரிடம் கேட்ட கேள்விகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள், 2018-ல் வெளியானது. ஆண்களிடம் கேட்டதில் 67 சதவீதம் 'எவ்வளவு வளர்ப்பீர்கள்' வகை. பெண்களிடம் கேட்டதில் 66 சதவீதம் 'எப்படி நட்டப்படாமல் இருப்பீர்கள்' வகை. நட்டத்தைப் பற்றிய கேள்விக்கு நட்டத்தைப் பற்றியே பதில் சொன்னவர்களுக்குக் குறைவாகத்தான் பணம் கிடைத்தது. நம் ஊர் மேனேஜரும் 'முடியுமாம்மா, கட்டிடுவீங்களா' என்றுதான் ஆரம்பிப்பார். 'கட்டிடுவேன் சார்' என்று நிறுத்தாதீர்கள். 'இப்போது மாதம் 80 கிலோ போகிறது, மிஷின் வந்தால் 300 கிலோ போகும், மதுரையில் இரண்டு கடை கேட்டிருக்கிறார்கள், அதில்தான் தவணை கட்டுவேன்' என்று வளர்ச்சியில் கொண்டு போய் முடியுங்கள். வீட்டில் சத்தமாக நாலு தடவை சொல்லிப் பழகுங்கள்.

"கடையை வீட்டுக்காரர் பேர்லயே போட்டுடலாமா? அவங்களுக்கும் ஒரு மாதிரி இருக்காது."

அவருக்கு ஒரு மாதிரி இருக்காது என்பதற்காக உங்கள் உழைப்பின் சாட்சியை இழக்காதீர்கள். அடுத்த கடன் கேட்கும்போது வங்கி பார்ப்பது யார் பெயரில் விற்றுமுதல் இருக்கிறது என்பதை. பத்து வருடம் உழைத்துவிட்டு 'இல்லத்தரசி' என்று படிவத்தில் எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

தனி நடப்புக் கணக்கு ஒன்று கட்டாயம். இந்தியா, இலங்கை, கானா நாடுகளின் பழைய தரவுகளை மறுபடி ஆராய்ந்து 2019-ல் ஒரு முடிவு வந்தது: பெண்களுக்குக் கொடுத்த முதலில் லாபம் வரவில்லை என்று நினைத்தது தப்பு, பணத்தின் பெரும்பகுதி கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது, அந்த வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் தொழில் செய்தால் வருமானம் ஆண்களுக்குச் சமமாகவே இருந்தது. கணவருக்கு உதவ வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுத்தால் பேரேட்டில் அவர் பெயரில் பற்று (அவர் திருப்பித் தர வேண்டியது) எழுதுங்கள். எங்கள் ஊரில் அப்பனும் மகனும்கூடப் பற்று எழுதிக்கொண்டுதான் கொடுத்து வாங்கினார்கள்.

"அவங்க தொழில் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். சும்மா ஃபார்மாலிட்டினு சொன்னாங்க. சரிதானே?"

சரியில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அவர் கட்டவில்லை என்றால் வங்கி முதலில் உங்களிடமே வரலாம். முதல் கேள்வியில் சொன்ன லாரி நகை போலவே இதுவும் ரிஸ்க். அதைவிடப் பெரியது, ஏனென்றால் இதில் எவ்வளவு போகும் என்ற வரம்பு உங்கள் கையில் இல்லை. உங்கள் சிபில் மதிப்பும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கி பார்க்கும் மதிப்பெண்) இதில் மாட்டிக்கொள்ளும்; நாளை உங்கள் கடனுக்கு அது குறுக்கே நிற்கும். போடத்தான் வேண்டும் என்றால் அந்தத் தொழிலின் கணக்கைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கணக்கைக் காட்ட மறுக்கும் இடத்தில் கையெழுத்தை மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

"விலையைக் கூட்டினா ஆள் போயிடுவாங்களே?"

சிலர் போவார்கள். போகட்டும். உங்கள் கூலியைச் சேர்க்காத விலையில் வாங்குபவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை, உங்கள் உழைப்பில் பங்கு எடுப்பவர். கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் (ஓலைக் கூடை) உண்டு. ஊரின் பெயருக்கே விலை இருக்கும்போது அதைச் செய்யும் கைக்கும் விலை வைக்க வேண்டும். கல்யாணப் பலகாரத்துக்குப் பாதி முன்பணம் இல்லாமல் அடுப்பு மூட்டாதீர்கள்.

"பெரிய ஆர்டர் வந்தா உடனே 'முடியாதுங்க'னு வாயில வந்துடுது. அப்புறம் ராத்திரி தூக்கம் வரலை."

எனக்கும் அந்த ராத்திரி தெரியும். ஒருமுறை 12 கடைகளின் கணக்கை மொத்தமாக எடுத்துக்கொள்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். எனக்கு ஆள் இல்லை, பிள்ளை சின்னது, ஒரு தப்பு வந்தால் பெயர் கெட்டுவிடும். 'முடியாது' என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டேன். அதை எடுத்துக்கொண்டவருக்கு என்னைவிடக் குறைந்த அனுபவம். முதல் வருடம் தப்பு வந்தது, திருத்திக்கொண்டார், இன்று அவரிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தப்பு வரலாம் என்பதற்கே நான் வேலையை விட்டேன், அவர் தப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த ஆர்டருக்கும் அன்றைக்கே இல்லை என்று சொல்வதில்லை. 'நாளைக் காலையில் சொல்கிறேன்' போதும். இரவு மூன்று வரித் தாளைப் போடுங்கள். ஆயிரம் சீப்புச் சீடை கேட்டால் நானூறு நீங்கள், மீதியை உங்களைப் போல் செய்யும் இன்னும் இருவர். பணம் இழுத்தடிப்பார்களோ என்ற பயம் இருந்தால், உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்பது 2006 சட்டம். மீறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பில்லின் அடியில் அந்த ஒரு வரியை அச்சடித்தாலே பாதிப் பேர் நேரத்துக்குத் தருகிறார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

"மாமியார், பங்காளி வீடு, தெரு, எல்லாரும் பேசுவாங்களே?"

பேசுவார்கள். தனியாகக் கேட்டால்தான் அது பெரிதாகக் கேட்கும். அகமதாபாத்தில் சேவா வங்கியின் பெண்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி கொடுத்தார்கள். சிலரைத் தனியாக அழைத்தார்கள், சிலரை ஒரு தோழியோடு வரச் சொன்னார்கள். தோழியோடு வந்தவர்கள்தான் பிறகு அதிகமாகக் கடன் வாங்கித் தொழிலில் போட்டார்கள். கட்டுப்பாடு அதிகம் உள்ள சமூகத்துப் பெண்களுக்கு அதன் பலன் இன்னும் கூடுதல். அதனால் வங்கிக்கும் தொழில் மையத்துக்கும் இரண்டு பேராகப் போங்கள்.

மாமியாரை எதிர்க்கட்சி என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். கந்தரப்பத்தின் பதம் அவர் கையில்தான் இருக்கிறது. என்னிடம் வரும் ஒருவர் மாமியாருக்கு லாபத்தில் பத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். இப்போது ஆர்டரை விடாதே என்று விரட்டுவதே அந்த அம்மாதான்.

"எங்க ஐயா பர்மாவில எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க. அதனாலயே எங்க வீட்ல ரிஸ்க்னா பேச்சே கூடாது. தப்பா அது?"

அந்த வலியைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது கால்நடையாகத் திரும்பியவர்களின் பேத்திகள் நம்மில் பலர். தூணும் கதவும் விற்ற வீடுகளைத் தினமும் தாண்டித்தான் போகிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1930-ல் நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக நிலம் நிலமாக வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். வட்டிக்கு விட்டுத் திருப்பி எடுக்கும் பணம், தூக்கிக்கொண்டு வர முடியாத நிலமாக ஒரே நாட்டில் மாட்டிக்கொண்டது. அவர்களைக் கவிழ்த்தது துணிச்சல் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்ததும், வெளியே வரும் வழி அடைபட்டதும்தான்.

வீட்டில் அப்படியே சொல்லுங்கள்: 'இது போனாலும் வீடு போகாது, இந்தத் தொகைக்கு மேல் போட மாட்டேன், இந்த மாதம் வரை பார்ப்பேன்.' இந்த மூன்று வரம்பும் ஐயாவுக்கு யாரும் கொடுக்கவில்லை.

"அப்பச்சி சொத்துல என் பங்கைக் கேட்டு முதலாப் போடலாம்னு இருக்கேன். அண்ணன் தம்பி உறவு அறுந்துடுமா?"

இது கஷ்டமான கேள்வி. சட்டம் தெளிவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு வந்தது. அதற்கு முன் கல்யாணமானவர்கள் விடுபட்டிருந்தார்கள். 2005-ல் மத்தியச் சட்டம் அந்தப் பாகுபாட்டை எடுத்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பதைப் பொறுத்ததல்ல, பிறப்பிலேயே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்த பாகப்பிரிவினையைத் தொட முடியாது. அப்பா தானாகச் சம்பாதித்ததை அவர் விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம்.

உறவு அப்படித் தெளிவாக இருக்காது. பள்ளத்தூரில் வேர் கொண்ட முருகப்பா குழுமத்தில், மறைந்த எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலம் குடும்ப முதலீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். பெண் என்பதால் மறுக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020-ல் வாக்கெடுப்பில் 91.36 சதவீதம் அவருக்கு எதிராக விழுந்தது. 2023-ல் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. அத்தனை படித்த, வசதியான வீட்டிலேயே அவ்வளவு காலம் பிடித்தது. அதனால் என் யோசனை: பங்கைக் கேளுங்கள், கேட்பது பாவமில்லை. ஆனால் அந்தப் பணம் வந்தால்தான் தொழில் என்று முடிச்சுப் போடாதீர்கள். சொத்து வழக்கின் வேகத்தில் எந்தக் கடையும் திறக்க முடியாது. கேட்கும்போது தனியாக, எழுத்தில், அண்ணன் வீட்டு விசேஷம் இல்லாத நாளில் கேளுங்கள்.

"நட்டமாகி மூடிட்டா? அப்புறம் தெருவுல எப்படி நடக்கிறது?"

உங்கள் பெயரிலேயே நடத்தும் கடையில் கடை வாங்கிய கடன் உங்கள் கடன், வீடுவரை வரும். கூட்டு வியாபாரத்திலும் அப்படித்தான், கூட்டாளி வாங்கியதற்கும் நீங்கள் பொறுப்பு. முதல் பெரிதாகும்போது எல்எல்பி (பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) அல்லது ஒருநபர் கம்பெனி ஆக்கினால், தனியாக ஜாமீன் போடாதவரை, போட்ட முதலோடு உங்கள் பொறுப்பு நிற்கும். செலவும் தணிக்கை வேலையும் கூடும். விற்றுமுதல் கொஞ்சமாக இருக்கும்போது அது தேவையில்லை.

மூடும் தேதியை ஆரம்பத்திலேயே எழுதியவர்கள் மூடியதும் எழுந்து நடந்திருக்கிறார்கள். மெஸ் நடத்திய ஒருவர், எட்டு மாதத்தில் மூன்று லட்சத்தைத் தொட்டால் நிறுத்துவேன் என்று எழுதி வைத்திருந்தார். ஏழாவது மாதமே தொட்டது. பால்காரர், மளிகைக்கடை, வேலை பார்த்த பெண் என்று எல்லாருக்கும் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பாத்திரத்தை விற்றார். ஒரு மாதம் கோயிலுக்குக்கூட வரவில்லை. பிறகு அதே மளிகைக்கடைக்காரர்தான் அவருக்கு வற்றல், வடகத்துக்குச் சரக்குக் கடன் கொடுத்தார்.

"எனக்கு வயசாயிடுச்சுக்கா. என் மகளாவது வேற மாதிரி வரட்டும். என்ன செய்யணும்?"

உங்களுக்கு வயதாகவில்லை, முதலில் உங்கள் தாளைப் போடுங்கள். மகளுக்கு ஒரு நோட்டும், தோற்றாலும் திட்டு விழாத ஒரு சின்னத் தொகையும் கொடுங்கள். என் மகள் போன வருடம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு நன்னாரி சர்பத் போடுகிறேன் என்றாள். அவளுக்கு 12 வயது. கைக்கு நட்டம் 340 ரூபாய். ஐஸ் அதிகமாக வாங்குகிறாய் என்று எனக்குக் காலையிலேயே தெரியும். வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்று ராத்திரி அவளே நோட்டில் எழுதினாள்: 'காலையில் யாரும் குடிக்கலை. பால்குடம் முடிஞ்சு திரும்புற நேரத்துக்குப் போடணும். ஐஸ் பாதி போதும். லலிதா வீட்டு வாசல்ல நிழல் இருக்கு, கேக்கணும்.' இந்த வருடத்துக்கு 500 ரூபாய் கேட்டிருக்கிறாள். பற்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.